வெக்கை நோயும் அதன் அச்சாபீசும்

(ஓசூர் வட்டாரத்தில் நடந்த கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இந்தக் கூட்டத்தில் சிப்காட் தொழிற்சாலைகளில் மெஷின் ஓட்டுகிறவர்களும் இருக்கிறீர்கள். கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து ஆடு மாடு வைத்துப் பிழைக்கிறவர்களும் வந்திருக்கிறீர்கள். வீட்டில் தமிழ் பேசுகிறவர்களும், தெலுங்கு பேசுகிறவர்களும், கன்னடம் பேசுகிறவர்களும் கலந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். எல்லோருக்கும் பொதுவான ஒரு சங்கதியைப் பேசலாமென்று நினைத்து, மாட்டு நோயை எடுத்துக் கொண்டேன். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனல்ல. புத்தகசாலைகளில் உட்கார்ந்து படித்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்து கொண்டதைத்தான் சொல்லப் போகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒன்றையும் ஒப்புக் கொள்ளாதீர்கள். சொல்லுவது காரண காரியத்திற்குப் பொருத்தமாயிருக்கிறதா என்று மாத்திரம் யோசித்துப் பாருங்கள்.

வெக்கை நோய் என்று ஒன்று இருந்தது. வெள்ளைக்காரன் அதை ரிண்டர்பெஸ்ட் என்றான். இங்கேயுள்ள வாலிபர்கள் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள், பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். மாட்டுக்குக் காய்ச்சல் காணும், கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகும், வாயெல்லாம் புண்ணாகும், பிறகு கழிச்சல் பிடித்துக் கொள்ளும், ஒரு வாரம் பத்து நாளில் விழுந்துவிடும். இதற்கு முன் அந்த நோய் தொடாத மந்தையில் புகுந்துவிட்டால், நூற்றுக்கு எண்பது தொண்ணூறு மாடுகள் செத்துப் போகும். இந்த ஓசூரையடுத்த மத்திகிரியில் 1824-ம் வருஷத்திலேயே கால்நடைப் பண்ணை வைத்தார்கள் என்றால், இந்தச் சீமையில் மாடு எவ்வளவு பெரிய செல்வமாயிருந்தது என்று பார்த்துக் கொள்ளுங்கள். அப்படிப்பட்ட செல்வத்தை வாரிக் கொண்டு போகிற நோய் அது. 1871-ல் இந்திய மாட்டு நோய்களை விசாரிப்பதற்கென்றே சர்க்கார் ஒரு கமிஷன் போட்டு அறிக்கை வாங்கியிருக்கிறது. 1890-க்குச் சமீபமாக இதே நோய் ஆப்பிரிக்காவில் புகுந்து, மேல்கோடி முதல் தென்கோடி வரையில் மாடுகளை அழித்து, உழவும் பாலும் இல்லாமல் எத்தியோப்பியா தேசத்தில் மனிதர்களும் பஞ்சத்தில் கூட்டங் கூட்டமாக மடிந்தார்கள்.

நம் ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஆத்தாளுக்குக் கோபம் என்றார்கள். வேப்பிலை கட்டினார்கள், ஆட்டையும் எருமையையும் வெட்டினார்கள். அந்த எருமைக்கே இந்த நோய் வரும் என்பதைக் கவனியுங்கள். ஆத்தாளைச் சாந்தி செய்கிறதற்காகப் பல ஊர் மாடுகளை ஒரே இடத்தில் கூட்டி நிறுத்தினால், ஒன்றின் மூச்சும் எச்சிலும் இன்னொன்றின் மேல் படுமா படாதா? நோய் பரவுவதற்கு அதைவிட நல்ல ஏற்பாடு வேறு எதை நாம் செய்து கொடுக்க முடியும்? கோபம் என்று சொல்லுகிறவர்களை நான் கேட்கிறேன்: தெய்வத்தின் பேரால் நேர்ந்துவிட்ட கோயில் காளையை அந்தக் கோபம் விட்டுவிட்டதா?

சரி, கோபம் இல்லையென்றால் பின்னே என்ன? அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொறுமையாய்க் கேளுங்கள்.

மாட்டைக் கொன்றது ஒரு வைரஸ். வைரஸ் என்பது உயிருள்ள பூச்சி அல்ல. அதற்கு வாயில்லை, வயிறில்லை, தானாக ஒரு வேலையும் செய்யத் தெரியாது. ஒரு புரத உறைக்குள்ளே எழுதி வைத்த ஒரு நீளமான சீட்டுத்தான் அது. வெக்கை வைரசின் சீட்டில் சுமார் 16,000 எழுத்துக்கள். அதில் ஆறு பாகங்கள். ஆர்.என்.ஏ. என்கிற பொருளால் ஆன சீட்டு. நாலே எழுத்துக்களில் எல்லாம் எழுதியிருக்கும். இவ்வளவு சின்னச் சீட்டு, ஓர் எருதை எப்படிச் சாய்க்கிறது?

மாட்டின் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லும் ஒரு தொழிற்சாலை மாதிரி. ஆபீஸ் அறையில் மூல வரைபடம் பூட்டி வைத்திருக்கும், அதுதான் டி.என்.ஏ. வரைபடத்தை வெளியே கொண்டு வரமாட்டார்கள். வேண்டிய பாகத்தை மட்டும் நகல் எடுத்துப் பட்டறைக்கு அனுப்புவார்கள். அந்த நகலுக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். பட்டறையிலே ரிபோசோம் என்கிற யந்திரம் அந்த நகலைப் படித்துப் புரதத்தைச் செய்து தரும். நகல் தலைப்பில் ஆபீஸ் முத்திரை இருந்தால்தான் யந்திரம் அதைக் கையில் வாங்கும். இந்தத் தலை முத்திரைக்கு இங்கிலீஷில் ‘கேப்’, அதாவது தொப்பி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் கம்பெனி கேட்டிலே பாஸ் இல்லாமல் உள்ளே விடுவார்களா? அப்படித்தான். பாஸ் இல்லாமல் வந்தால் உள்ளே விடாததோடு போவதில்லை. பிடித்தும் கொடுத்து விடுவார்கள். முத்திரையில்லாத ஆர்.என்.ஏ. தலையைக் கண்டால், ‘அன்னியன் புகுந்துவிட்டான்’ என்று கூச்சல் போடுகிற காவல் புரதங்கள் செல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

இப்போது வைரசுக்கு இரண்டு சங்கடங்கள். முதல் சங்கடம் அதன் சீட்டே தலைகீழாக இருப்பது. அச்சாபீசுக்குப் போயிருப்பவர்களுக்கு இது சுலபமாய் விளங்கும். ஈய எழுத்தைக் கோர்த்து வைத்த பலகையை நேரே படிக்க முடியுமா? எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறிக் கிடக்கும். அதில் மை தடவிக் காகிதத்தை ஒற்றி எடுத்தால்தான் படிக்கிற பத்திரிகை வரும். வெக்கை வைரசின் சீட்டு அச்சுப் பலகை ஜாதி. இதை எதிரிழை ஆர்.என்.ஏ. என்கிறார்கள். வெறிநாய்க்கடி, தட்டம்மை, புட்டாலம்மை, இன்புளுயன்சா எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த வைரஸ்களே. (கோமாரி இதில் சேராது, அது நேரே படிக்கிற சீட்டு.) பலகையை மாத்திரம் மாட்டின் செல்லுக்குள் போட்டால் ஒன்றும் நடக்காது. ஏனென்றால், ஒரு ஆர்.என்.ஏ. முழுவதையும் பார்த்து இன்னொரு ஆர்.என்.ஏ. ஒற்றியெடுக்கிற யந்திரம் மாட்டின் செல்லில் கிடையாது. ஆகவே இந்த வைரஸ் வரும்போதே அச்சு யந்திரத்தையும் தூக்கிக் கொண்டு வருகிறது! அதற்கு எல் புரதம் என்று பெயர். எல் என்பது ‘பெரியது’ என்கிற இங்கிலீஷ் வார்த்தையின் முதலெழுத்து. பெயருக்கேற்றபடி, 16,000 எழுத்தில் அய்ந்தில் இரண்டு பங்கு இந்த ஒரு யந்திரத்தைச் செய்வதற்கே செலவாகிறது. வைரஸ் தன்னோடு யந்திரத்தைக் கொண்டு வருகிறது என்பதை 1970-ல் டேவிட் பால்டிமோரும் அவர் கூட்டாளிகளும் அமெரிக்காவில் கண்டு பிடித்தார்கள். அவர்கள் பரீட்சித்தது வெக்கை வைரசை அல்ல. அந்த நாட்டில் குதிரைக்கும் மாட்டுக்கும் வாய்க் கொப்புளம் உண்டாக்குகிற அதன் தூரத்துப் பங்காளியை. பரீட்சைசாலையில் வளர்ப்பதற்கு அது லேசு.

இரண்டாவது சங்கடம்தான் முக்கியம். பத்திரிகையை அடித்தாயிற்று, முத்திரைக்கு எங்கே போவது? முத்திரை குத்துகிற குமாஸ்தா ஆபீஸ் அறைக்குள் இருக்கிறார். இந்த வைரஸோ ஆபீசுக்குள் போகாமல் பட்டறையிலேயே அச்சடிக்கிறது. ஆகவே முத்திரையையும் தானே போட்டுக் கொள்ள வேண்டும். அச்சடிக்கிற அதே எல் புரதம்தான் முத்திரையும் போடுகிறது. எப்படிப் போடுகிறது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

தூது ஆர்.என்.ஏ. ஒரு மாலை என்று வைத்துக் கொள்ளுங்கள். புதிதாய்ப் பிறக்கும்போது அதன் தலையில் பாஸ்பேட் என்கிற மணிகள் மூன்று தொங்கும். முத்திரையாக வரவேண்டியது ஜி என்கிற எழுத்து; அதற்கும் மூன்று மணிகள். வேலை முடிந்த பிறகு பார்த்தால், ஜி-க்கும் மாலைக்கும் நடுவில் மூன்று மணிகள்தான் இருக்க வேண்டும். நம்முடைய செல் என்ன செய்கிறது? மாலைத் தலையிலிருந்து ஒரு மணியைக் கழற்றி இரண்டாக்குகிறது. ஜி-யை ஒரே மணியோடு பிடித்து வந்து சேர்க்கிறது. இரண்டும் ஒன்றும் மூன்று. கணக்கு சரி.

வாய்க்கொப்புள வைரசிலும் கடைசியில் மூன்று மணிதான். ஆனால் அந்த மூன்றில் எத்தனை யாருடையது? பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி மணி. நம் மாடு ஊர் மந்தையில் கலந்துவிட்டால் எப்படிக் கண்டு பிடிக்கிறோம்? சூடு போட்ட அடையாளத்தை வைத்துத்தானே! அதே யுக்திதான். கல்கத்தாவில் படித்து அமெரிக்காவுக்குப் போன அமியா பானர்ஜி என்கிற வங்காளத் தோழர், நியூஜெர்சி மாகாணத்து ராஷ் ஆராய்ச்சிசாலையில் தம் கூட்டாளிகளோடு, ஜி-யின் மணிகளில் கதிர் வீசுகிற பாஸ்பரஸை அடையாளமாக வைத்துப் பார்த்தார். 1975-ல் பதில் கிடைத்தது. முத்திரையிலுள்ள மூன்றில் இரண்டு மணிகள் ஜி-யோடு வந்தவை. மாலையின் சொந்த மணி ஒன்றே. நம் செல்லின் கணக்குக்கு நேர் மாறு! வந்து சேர்ந்த இடம் ஒன்று, வந்த பாதை வேறு.

பாதை வேறென்று தெரிந்ததே தவிர, எந்தக் கை அதைச் செய்கிறதென்பது அகப்பட மேலும் 32 வருஷங்கள் பிடித்தன. 2007-ல் அதே பானர்ஜியும், டோமோவாக்கி ஓகினோ என்கிற ஜப்பானியரும் அமெரிக்காவில் கிளீவ்லாண்டு நகரத்தில் அதைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். எல் புரதம் மாலையின் தலையை ஒரு மணியோடு தன் உடம்பிலேயே ஒட்ட வைத்துக் கொள்கிறது. பிறகு இரண்டு மணியுள்ள ஜி வந்ததும் அதன் கையில் மாலையை ஒப்படைத்து விடுகிறது. நம் செல் ஜி-யைப் பிடித்து மாலையில் வைக்கிறது. இதுவோ மாலையைப் பிடித்து ஜி-யில் வைக்கிறது. அப்புறம் முத்திரை மேல் மை தடவுகிற வேலை ஒன்றிருக்கிறது: மெத்தில் என்கிற சின்னக் குறியை இரண்டிடத்தில் வைக்க வேண்டும். நம் செல் முதலில் ஜி-யிலும் பிறகு மாலையின் முதலெழுத்திலும் வைக்கும். வாய்க்கொப்புள வைரஸ் அதையும் முன்பின்னாக மாற்றி, இரண்டையும் எல் புரதத்தின் ஒரே பாகத்தைக் கொண்டு முடிக்கிறது.

இதெல்லாம் சீமையிலும் அமெரிக்காவிலும் நடக்கிற காரியம், நமக்கென்ன என்று நினைத்து விடாதீர்கள். இங்கிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேருகிற பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், எம். எஸ். ஷைலா என்கிற அம்மையார் பல வருஷம் வெக்கை வைரசையே எடுத்து ஆராய்ந்தார். 2009-ல் அவருடைய ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து, வெக்கை வைரசின் எல் புரதமே மணி கழற்றும் வேலையையும் ஜி-யைச் சேர்க்கும் வேலையையும் செய்கிறதென்று எழுதினார்கள். அவர்கள் கண்ட முறை நம் செல்லின் முறையை ஒத்ததாயிருந்தது. வாய்க்கொப்புள வைரசில் மாலையைப் பிடிக்கிற உறுப்பின் சாயல் வெக்கைக் கூட்டத்து எல் புரதத்திலும் இருப்பதால், இந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவதென்று பண்டிதர்களுக்குள் வாதம் உண்டு. வாதம் நடப்பது நல்லதே. ஆத்தாளின் கோபத்தைப் பற்றி என்றைக்காவது இப்படிப் பரீட்சை வைத்து வாதம் நடந்ததுண்டா?

எதிரிழைக் கூட்டத்தில் இன்னொரு பேர்வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதுதான் இன்புளுயன்சா. அதற்கு முத்திரை செய்யத் தெரியாது. அதனால் நம் செல்லின் ஆபீசுக்குள்ளேயே புகுந்து, நம் நகல்களின் தலையை முத்திரையோடு பத்துப் பதின்மூன்று எழுத்து நீளத்தில் வெட்டி, அந்தத் தலையிலிருந்தே தன் நகலை வளர்த்துக் கொள்ளுகிறது. ஒரு தலையை வெட்டி வேறு முண்டத்தில் ஒட்டின கதையை நீங்கள் புராணத்தில் கேட்டிருப்பீர்கள். அதைச் சொன்னவர்கள் எங்கே பார்த்தார்களோ தெரியாது. இது பரீட்சைசாலையில் யார் வேண்டுமானாலும் பார்க்கக் கூடியது. பார்த்ததனால் பலனும் உண்டாயிற்று. வெட்டுகிற கத்திரிக்கோலையே மழுங்கச் செய்கிற பாலாக்சவிர் என்கிற மருந்தை ஜப்பானியர் செய்தார்கள். 2018-ல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அதற்கு அனுமதி கிடைத்தது. கருவி வைரசினுடையது, நம்முடையதல்ல. ஆகையால் அதை உடைத்தால் நமக்குச் சேதமில்லாமல் வைரசுக்கு மட்டும் சேதம். மணிக்கணக்கை மணிக்கணக்காக உட்கார்ந்து எண்ணினதன் பிரயோசனம் இதுதான். தட்டம்மை வைரசின் எல் புரதத்தைக் குறி வைத்தும் ஒரு மருந்து செய்து, 2014-ல் கீரி போன்ற ஒரு பிராணிக்கு நாய்ச்சீக்கு வைரசைக் கொடுத்துப் பரீட்சித்ததில், சாக வேண்டிய பிராணிகள் பிழைத்தன. மனிதருக்கான மருந்தாக அது இன்னும் வரவில்லை.

தலையைச் சொன்னேன், வாலையும் சொல்லிவிடுகிறேன். நகலின் கடைசியில் ஏ என்கிற எழுத்து நூற்றுக்கணக்கில் வால் மாதிரி இருக்க வேண்டும். இந்த வைரசின் பலகையில் அத்தனை எழுத்து இல்லை. ஒரே மாதிரியான சில எழுத்துக்கள் மட்டும் வரிசையாக இருக்கும். எல் யந்திரம் அந்த இடத்துக்கு வந்ததும், கீறல் விழுந்த கிராமபோன் தட்டு போலச் சறுக்கிச் சறுக்கி அதையே திரும்பத் திரும்ப அடிக்கிறது. வால் நீண்டு விடுகிறது!

இதே சறுக்கலை இன்னோரிடத்தில் வேறு விதமாய் உபயோகப்படுத்துகிறது. ரிபோசோம் மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கும். ‘அவன் மகன் வயல்’ என்று மும்மூன்று எழுத்தாய் எழுதியிருக்கிறது. அச்சுக்கோர்க்கிறவர் ஒரு ‘ம’ கூடப் போட்டுவிட்டால் ‘அவன் மமக ன்வய ல்’ என்றாகும். முன் பாதி சரி, பின் பாதி வேறு. நமக்கு அது அச்சுப் பிழை. வெக்கை வைரசும் தட்டம்மை வைரசும் பி என்கிற பாகத்தை அச்சடிக்கும்போது, சில பிரதிகளில் மாத்திரம் நடுவிலே ஒரு ஜி-யைக் கூட்டி விடுகின்றன. அதனால் முன் பாதி அதே புரதமாகவும், பின் பாதி வேறாகவும் வருகிறது. வி புரதம் என்று பெயர். அதன் வேலை என்ன தெரியுமா? காவற்காரன் போட்ட கூச்சல் பக்கத்து வீட்டாருக்குக் கேட்காமல் வாயைப் பொத்துவது! ஒரே பலகையிலிருந்து இரண்டு விதத் துண்டுப் பிரசுரம். நம்முடைய அச்சாபீஸ்களுக்கு இந்தச் சாமர்த்தியம் இல்லை.

இவ்வளவையும் சேர்த்துப் பாருங்கள். மாடு செத்தது ஒரு யந்திரம் நகலெடுத்ததினால்; நகலுக்குக் கள்ள முத்திரை குத்தினதினால்; காவலை ஏமாற்றினதினால். இதில் கோபம் எந்த இடத்தில் இருக்கிறது? எந்த மணியில் இருக்கிறது?

மாட்டு நோய்தானே என்று தாய்மார்கள் இருந்துவிட வேண்டாம். தட்டம்மை, மணல்வாரி அம்மை என்று குழந்தைகளுக்கு வருகிறதே, அதன் வைரஸ் வெக்கை வைரசுக்குக் கூடப் பிறந்தது. பெர்லினில் 1912-ல் தட்டம்மையால் இறந்த ஒரு குழந்தையின் நுரையீரலை மருந்தில் போட்டு வைத்திருந்தார்கள். அதிலிருந்த வைரஸ் எழுத்தைப் படித்து, மற்றவைகளோடு ஒப்பிட்டு, இந்த இரண்டும் சுமார் 2,500 வருஷத்திற்கு முன் பிரிந்திருக்கலாமென்று 2020-ல் கணக்குச் சொன்னார்கள். ஆக, எந்த யந்திரம் எருதைச் சாய்த்ததோ அதன் பங்காளி யந்திரந்தான் தொட்டிலில் இருக்கிற குழந்தைக்குள்ளும் அச்சடிக்கிறது. அம்மை போட்டிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போனால் குற்றம் என்று வீட்டுக்குள் படுக்க வைத்து, கபவாதக் காய்ச்சலுக்குக் குழந்தையைக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! வேப்பிலை குளிர்ச்சியாயிருக்கலாம், அது எல் புரதத்தை ஒன்றும் செய்யாது. ஒன்பதாம் மாதத்தில் ஒரு ஊசி, பதினாறிலிருந்து இருபத்துநாலு மாதத்திற்குள் இன்னொரு ஊசி, சர்க்காரில் காசில்லாமல் போடுகிறார்கள். 2017-ல் தமிழ்நாட்டில் தட்டம்மை ருபெல்லா ஊசி போட்டபோது, செல்போனில் யாரோ கட்டிவிட்ட வதந்தியை நம்பி, படித்தவர்களே குழந்தைகளை ஒளித்து வைத்தார்கள். அந்தக் காலத்து உடுக்கை இந்தக் காலத்தில் செல்போனாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

நிற்க. வெக்கை நோய் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒழிந்தது. முத்திரை ரகசியம் தெரிந்துதான் ஒழித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். குமாயூன் மலையில் முக்தேஸ்வர் ஆராய்ச்சிசாலையில் எட்வர்ட்ஸ் என்பவர் 1920-களில் வைரசை ஆட்டில் திரும்பத் திரும்ப ஏற்றி அதன் வீரியத்தைக் குறைத்தார். 1960-க்குச் சமீபத்தில் கென்யாவில் வால்டர் பிளவ்ரைட், கண்ணாடிக் குப்பியில் வளர்த்த செல்களில் அதைப் பழக்கி இன்னும் சாதுவாக்கினார். மாட்டின் உடம்புக்குத் திருடனை முன்கூட்டி அடையாளம் காட்டிவிடுகிற வேலை அது. நம் மாகாணத்தில் இராணிப்பேட்டையில் இதற்கென்றே 1932-ல் மருந்துசாலை வைத்தார்கள். 1954-ல் தேசம் முழுவதும் ஒழிப்புத் திட்டம் ஆரம்பித்து, ஊர் ஊராகப் போயும், மாகாண எல்லைகளில் சாவடி வைத்தும் மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். இந்தியாவில் கடைசியாக நோய் கண்டது 1995-ல், இந்தத் தமிழ்நாட்டில். 2011-ல் உலகத்திலேயே இல்லையென்று அறிவித்தார்கள். மனிதன் முயற்சியால் உலகத்தை விட்டே ஒழிந்த நோய்கள் இரண்டு. பெரியம்மை ஒன்று, இது ஒன்று. பெரியம்மைக்கும் ஆத்தாள் பெயர்தான் சொன்னோம்! இரண்டையும் ஒழித்தது ஊசி.

ஆனால் ஆட்டுக்கொல்லி நோய் ஒழியவில்லை. அதுவும் இதே குடும்பம், இதே எல் யந்திரம். இந்தியாவில் அதை முதலில் கண்டு சொன்னது 1987-ல், விழுப்புரத்தை அடுத்த அரசூரில். கண்டு சொன்னவர்களில் முன்னே நான் சொன்ன ஷைலா அம்மையாரும் ஒருவர். அந்த அரசூர் ஆட்டிலிருந்து எடுத்த வைரசையே சாதுவாக்கி, நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் தடுப்பூசி செய்திருக்கிறார்கள். ஒரு ஊசி போட்டால் மூன்று வருஷத்துக்குக் குறையாமல் காக்கும். 2030-க்குள் உலகத்தை விட்டே இதை ஒழிப்பதென்று 2015-ல் தீர்மானம் செய்திருக்கிறார்கள். நிலமில்லாத வீட்டுக்கு ஆடுதான் பாங்கி. பிள்ளைக்குச் சம்பளம் கட்டுவதும் அதை விற்றுத்தான். நம் சந்தைக்கு எல்லை தாண்டி அந்தப் பக்கத்து ஆடும் வருகிறது. இந்தப் பக்கத்து ஆடு அங்கே போகிறது. ஊசி போடாத ஆடு பத்து வந்தால் போதும். சந்தையில் புதிதாய் வாங்கின ஆட்டை உடனே பட்டிக்குள் விடாமல் மூன்று வாரம் தனியே கட்டி வையுங்கள். கால்நடை ஆஸ்பத்திரியில் முகாம் தேதி கேட்டு ஓட்டிப் போங்கள்.

ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். வெக்கை வைரஸ் இப்போது எங்கும் கிடையாதா என்று கேட்கிறார். மாட்டில் கிடையாது. சில தேசத்து ஆராய்ச்சிசாலைகளில் குப்பிகளில் பூட்டி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பிர்பிரைட் என்கிற இடத்தில் பெரிய இருப்பு இருந்தது. அவர்கள் எழுத்து முழுவதையும் படித்துக் குறித்து வைத்துக் கொண்டு, 2019-ல் குப்பிகளை அழித்து விட்டார்கள். மற்ற இடங்களிலும் அழிக்கச் சொல்லிக் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். நோய் ஒழிந்ததால் வெக்கை ஊசி நின்று பல வருஷமாகிறது. இன்றைக்கு இந்தச் சீமையில் தொழுவத்தில் நிற்கிற மாடுகளுக்கு அந்த ஊசி போட்டதில்லை. இனி ஒரு குப்பி உடைந்தால் அவைகளுக்குக் காப்பு எதுவுமில்லை. ஆகையால்தான் அழிக்கச் சொல்லுகிறார்கள்.